நாற்பத்திரண்டு படங்கள் உள்ள புத்தகம்

ஒரு கையில் மெல்லிய புத்தகம். மறு கையில் தடித்த புத்தகம். கொழும்பில் ஒரு புத்தகக் கடையின் மேல்மாடியில், குளிரூட்டிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தேன். என் செருப்பில் மன்னார்த் தரவை வெளியின் உப்புச் சேறு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. நடந்த இடமெல்லாம் அது பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது.

இரண்டும் ஆங்கிலப் புத்தகங்கள். இரண்டும் தொலையுணர்வு பற்றிய பாடநூல்கள். வானத்திலிருந்து செய்மதி எடுத்த படத்தைப் பார்த்து, அந்த இடத்துக்குப் போகாமலே இது மணல், இது கண்டல் காடு, இது தண்ணீர் என்று சொல்கிற படிப்புக்குத்தான் அந்தப் பெயர்.

புத்தகம் எனக்கில்லை. என் மனைவி ஜெசிந்தாவுக்கு.

கடையில் நின்றவர் நரைத்த மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"யாருக்குண்ணே? கம்பஸ் போற புள்ளைக்கா?"

"இல்லை, என்ரை மனுசிக்கு."

"முன்னாடி ஏதும் படிச்சிருக்காங்களா இதுல?"

"இல்லை. இப்பதான் துவக்கம்."

"அப்ப இந்த மெல்லிசத்தான் எடுக்கணும். தடிச்சதுல மூணாவது பக்கத்துலயே கணக்கு வந்துரும். ஏற்கனவே படிச்சவங்க கொண்டுபோறது அது."

அவர் வேறு ஆளைக் கவனிக்கப் போனார். நான் மெல்லிய புத்தகத்தைத் திறந்து படங்களை எண்ணினேன். நாற்பத்திரண்டு. ஓர் அத்தியாயம் முழுவதும் கரையோரம். ஆழமில்லாத கடல், சேற்று நிலம், மணல் திட்டு. எந்த நாட்டுக் கடலோ தெரியாது. எங்கள் கடலையே எடுத்துப் போட்டதுபோல் இருந்தது.

அதை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

"இதைக் கட்டுங்கோ" என்று தடித்ததை நீட்டினேன்.

அவர் புத்தகத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பில் எழுதினார். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படிச் சாட்டுச் சொல்லித் தப்பவும் எனக்கு வழி இல்லை.

நடக்கிற வேலை

இந்தப் பத்திரிகைத் தொடரில் ஊர் ஊராக நான் ஓடிய ஓட்டங்களைப் பற்றித்தான் இதுவரை எழுதினேன். வீட்டைப் பற்றி ஏன் ஒன்றும் இல்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எழுதாததற்குக் காரணம் இந்தப் புத்தகம்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. சண்டைக்குத் தப்பிப் படகில் ராமேஸ்வரம் போனோம். அகதி முகாமில் இருந்தோம். அங்கே வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கப் போனேன். வாளியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் ஆங்கிலம் பழகினேன். திரும்பி வந்த பிறகு மேசன் கையாளாக, றோலர் மீன்பிடிப் படகில் ஆளாக, கட்டாரில் மூன்று வருடம் கேபிள் குழி வெட்டுகிறவனாக இருந்தேன். ஒரு வேலையில் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றால் எனக்குக் கால் அரிக்கும். கட்டாரில் மூன்று வருடம் நின்றதற்குக் காரணம் பாஸ்போட் முதலாளியிடம் இருந்ததுதான்.

வவுனியாவில் சில மாதம் லொறியில் பள்ளிப் பாடநூல் கட்டுகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். தலையில் வைத்துச் சுமப்பது. கணிதம் எவ்வளவு பாரம், சமயபாடம் எவ்வளவு பாரம் என்று என் கழுத்துக்குத் தெரியும். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புக் கட்டு ஒன்றின் தாளைக் கிழித்து உள்ளே பார்த்தேன். நான் விட்ட இடத்துக்கு அடுத்த பாடம் என்ன என்று அறிய ஆசை. மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். மூடிவிட்டு அடுத்த கட்டைத் தூக்கினேன்.

கடைசியாக வந்து சேர்ந்தது இந்த வேலை. கரையோரத்தை வரைபடமாக்கும் திட்டம் ஒன்றுக்கு மன்னார் நகரில் சின்ன அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், போட்டிருந்தார்கள். கந்தோரில் இருக்கிறவர்கள் செய்மதிப் படத்தில் புள்ளிகள் வைப்பார்கள். அந்தப் புள்ளி விழுந்த இடத்துக்கு ஜி.பி.எஸ். கருவியோடு நான் போக வேண்டும். அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும்.

புள்ளி வைக்கிறவருக்கு முள்ளும் தெரியாது, சேறும் தெரியாது. கொண்டச்சிப் பக்கம் நிழலுக்கு ஒரு மரம் இல்லாத வெளியில் பகல் முழுக்க நடந்திருக்கிறேன். கழுத்தளவு தண்ணீரில் கருவியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒருமுறை பாம்பு கடித்தது. விஷமில்லாத பாம்பு. அடுத்த புள்ளிக்குப் போனேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. நடக்கச் சொல்லிக் காசு தருகிறார்கள். வேறென்ன வேண்டும்.

கறுப்பாகத் தெரிந்த இடம்

ஒருநாள் காப்புறுதிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. எல்லாம் ஆங்கிலம். எனக்கு வாசிக்க வரும், எழுத வராது. ஆகவே ஜெசிந்தாவைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் மடுப் பக்கம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கிடுகுக் கொட்டிலில் படித்து உயர்தரப் பரீட்சை எழுதியவள். புவியியலில் நல்ல பெறுபேறு. அதன் பிறகு இருபது வருடமாக நண்டுச் சதை எடுக்கும் கடற்கரைக் கொட்டகையில், வாடியில், வேலை. விரல் நுனியெல்லாம் ஓடு குத்திய தழும்பு.

திட்ட அலுவலர் நிரோஷன் யாழ்ப்பாணத்துப் பொடியன். எல்லாரோடும் மரியாதையாகப் பேசுவார். அன்று கணினித் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். பள்ளிமுனைக்கு வெளியே கடலில் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை.

"றெஜி அண்ணை, நீங்கள் அந்தப் பக்கம் போறனீங்கள்தானே. இது ஆழமான வாய்க்கால்தானே?"

"ஓம் சேர். ஆழம்தான்."

அது ஆழமில்லை என்று எனக்குத் தெரியும். முந்தின கிழமைதான், ஒரு வாரம்கூட இல்லை, வேறொரு புள்ளிக்குப் போகும் வழியில் அதற்குள் நின்றுவிட்டு வந்திருந்தேன். ஆனால் கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் "தானே" என்று கேட்டால் "ஓம்" என்பதுதான் என் வாயில் வரும். சோதனைச் சாவடியிலும் முகாம் பதிவிலும் விசாக் கந்தோரிலும் அந்த ஓம்தான் என்னை உயிரோடு வைத்திருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எடுத்து வீசவும் யாரும் சொல்லவில்லை.

ஜெசிந்தா படிவத்திலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அது ஆழமில்லை, தம்பி. சாதாளைப் புல்லு. இவர்தான் போன கிழமை வந்து சொன்னவர், இடுப்பளவு தண்ணியிலை சாதாளை காலைச் சுத்தி நடக்கேலாமல் கிடந்தது எண்டு. மேலையிருந்து பாக்க ரெண்டும் கறுப்பாத்தானே தெரியும்."

நிரோஷன் கதிரையைத் திருப்பினார். என் பக்கம் இல்லை, அவள் பக்கம்.

"அக்கா, நீங்கள் என்ன படிச்சனீங்கள்?"

அடுத்த நாள் படகு எடுத்துப் போய்ப் பார்த்தார்கள். கடற்புல்லேதான், ஆவுளியா என்கிற கடற்பசு மேய்கிற சாதாளைப் புல். இரண்டு கிழமையில் ஜெசிந்தாவுக்குக் கந்தோரில் ஒரு கதிரை கிடைத்தது. செய்மதிப் படம் வாசிக்கிற வேலை. மூன்று மாதம் பழக வேண்டும். பிறகு ஒரு பரீட்சை. தேறினால் அந்தக் கதிரை அவளுடையது. தேறாவிட்டால் திரும்பவும் நண்டு வாடி.

கால் நனைந்தது எனக்கு. சொன்னது அவள்.

சூசையின் பகிடி

எங்களைக் கடலுக்குக் கொண்டுபோகிற படகோட்டி சூசை சும்மா இருப்பானா.

"மச்சான், இனி புள்ளியெல்லாம் மனுசிதானே வைக்கப்போறா. கோவம் வந்தா உன்னைக் கொண்டுபோய் நடுக்கடலிலை வைப்பாள்."

"வைக்கட்டும்."

"ராவைக்குச் சோத்திலை உப்புக் காணாதெண்டு சொல்லிப்போடாதை. அடுத்த நாள் உப்பளத்துக்கை நிப்பாய்."

நானும் சிரித்தேன். உதட்டால் மட்டும்.

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரோஷனை வைத்து எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அந்தப் பொறாமை இருந்திருந்தால் சொல்லுவது லேசு, கேட்கிறவர்களுக்கும் உடனே விளங்கும். எனக்கு இருந்தது வேறு. சுழல்கிற கதிரையில் பொறாமை. மின்விசிறியில் பொறாமை. அவள் காலையில் சேலை உடுத்து உப்புக்குளச் சந்தியில் முச்சக்கர வண்டி பிடிக்கிறபோது நிமிர்ந்திருந்த முதுகில் பொறாமை. "அக்கா வடிவாச் செய்யிறா" என்று நிரோஷன் என்னிடம் சொன்னபோது, காதுக்குள் நீர் புகுந்ததுபோல் இருந்தது.

முப்பது வருடமாக நான் காலால் தேடிய ஒன்றை அவள் கால் நனையாமல் அறிந்துவிடப் போகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நிரோஷனுக்கு மூன்று மாவட்டத்தில் வேலை. கிழமையில் ஒருநாள்தான் மன்னாருக்கு வருவார். போனில் சில பக்கங்களை அனுப்பினார். அதை வாசித்தால் அவளுக்குத் தலையிடி வந்தது. ஒரு நல்ல ஆரம்பப் புத்தகம் வேண்டும் என்றாள். அந்த நேரம் பார்த்து, பழுதான இரண்டு கருவிகளைத் திருத்தக் கொழும்புக்குக் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது.

நிரோஷன் ஒரு தாளில் தமிழில் எழுதித் தந்தார். "பேரை எழுதினால் அது கடையிலை இராது, அண்ணை. அதாலை எப்பிடிப்பட்ட புத்தகம் எண்டு எழுதியிருக்கிறன்." படம் கூடுதலாக இருக்க வேண்டும். சூத்திரம் குறைய இருக்க வேண்டும். கரையோரம் பற்றி ஓர் அத்தியாயம் கட்டாயம்.

அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கத்தான் நான் தடித்த புத்தகத்தை வாங்கினேன்.

ஆறு கிழமை

ஜெசிந்தா புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். பாரத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள்.

"இவ்வளவும் படிக்க இருக்கே."

"அதுதான் கடையிலை இருந்தது. வேறை இல்லை" என்றேன்.

பழைய கலண்டர் தாளால் உறை போட்டாள். முதல் பக்கத்தில் சிலுவை வரைந்தாள். காலையில் சமையல் முடித்து, வண்டி பிடிக்கப் போகும் முன் ஒரு மணித்தியாலம். பக்கத்தில் அகராதி. பென்சிலால் ஒவ்வொரு சொல்லுக்கும் மேல் தமிழ் எழுதினாள். முதல் கிழமையில் மூன்று பக்கம் முடிந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு சமன்பாடு, பாதிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அதில் கண்ட குறிகளில் பாதியை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கிழமை எனக்குச் சாப்பாடு ருசித்தது.

நிரோஷன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் கடுமை அக்கா. வேறை இருக்கேல்லையா?" என்று கேட்டாராம். அவள் வந்து என்னிடம் சொன்னாள்.

"நான் சொல்லிப்போட்டன், இவர் எல்லா இடமும் தேடினவர், இல்லையாமெண்டு. பாவம், புதுசா ஒரு ஊரிலை எங்கையெண்டு தேடுறது."

கொழும்பு எனக்குப் புது ஊர் இல்லை. அவளுக்கும் அது தெரியும். எனக்காக ஒரு பொய் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

நாலாம் கிழமைக்குப் பிறகு அவள் புத்தகத்தைத் திட்டவில்லை, தன்னைத்தான் திட்டினாள். "எனக்கு மூளை காணாதுபோலை" என்றாள். மீன் வெட்டும்போது சொன்னாள். உடுப்புத் தோய்க்கும்போது சொன்னாள். கந்தோரில் கேள்வி கேட்டால் முன்போலத் தலை நிமிர்த்தாமல் பதில் சொல்கிற பழக்கம் போய், கேட்டவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். அவர் என்ன பதிலை விரும்புகிறார் என்று பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடையது.

பொறாமைப்படுகிறவனுக்கு அது இனிக்க வேண்டும். இனிக்கவில்லை.

ஆறாம் கிழமை ஒரு கடிதம் எழுதி ஒட்டித் தந்தாள்.

"இஞ்சேருங்கோ, இதைக் கந்தோரிலை குடுத்துவிடுங்கோ. நான் வேலையை விடுறன், நேரிலை சொல்ல வெக்கமாக் கிடக்கு. வாடியிலை கேட்டனான், திங்கட்கிழமை வரச்சொல்லிச்சினம்."

கடிதத்தோடு நடந்தது

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைய புள்ளிகளுக்குப் போனேன். கந்தோரைத் தாண்டித்தான் போக வேண்டும். காலையில் கொடுக்கவில்லை. பின்னேரம் கருவியை ஒப்படைத்தபோதும் கொடுக்கவில்லை. வியர்வையில் உறை ஊறி, நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தபோது குசினி அடுப்படியில் ஓரா மீன் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"ஜெசி, கடையிலை ரெண்டு புத்தகம் இருந்தது."

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"மற்றது லேசு. கடைக்காரர் அதைத்தான் எடுக்கச் சொன்னவர். நான் எடுக்கேல்லை."

ஒரு மீன் முடிந்தது. அடுத்ததை எடுத்தாள்.

"கரையோரம் இருந்ததே அதிலை?"

"ஓம்."

"படம்?"

"இருந்தது."

"எத்தினை?"

"எண்ணேல்லை."

"எண்ணியிருப்பீங்கள்."

"நாப்பத்திரண்டு."

அவள் தலையாட்டினாள். ஏன் செய்தீங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன். கையைக் கழுவினாள். என் பையிலிருந்து கடிதத்தைத் தானே எடுத்தாள். நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

"விடிய கொழும்பு பஸ்ஸுக்குப் போறன். ராவைக்கு வத்தளையிலை மச்சாள் வீட்டிலை நிண்டிட்டு நாளையிண்டைக்கு வாறன்."

"நானும் வாறன். கடை எனக்குத் தெரியும்."

"நீங்கள் நில்லுங்கோ."

அவள் அதுவரை வவுனியாவைத் தாண்டித் தனியாகப் போனதில்லை.

மூன்றாவது புத்தகம்

பரீட்சையில் தேறினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தரமாக எழுதித்தான். முதல் தரம் கொஞ்சத்தில் தவறியது. நான் தின்ற ஆறு கிழமை அதில் இருந்தது. திரும்ப எழுத இடம் தந்தார்கள். இன்று அந்தக் கதிரை அவளுடையது. நான் இன்னும் நடக்கிறேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் இந்தப் பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள். போகவில்லை. அவள் மாலையில் வந்து, "நீங்கள் நிண்ட இடத்துக்கு இருநூறு மீற்றர் வடக்கை இன்னொரு திட்டு இருக்கு, கவனிக்கேல்லையோ" என்று கேட்கும்போது இன்னும் உள்ளே ஏதோ சுருங்குகிறது. அதோடுதான் இருக்கிறேன்.

ஆனால் இந்தக் கதை முடிவது, அவள் கொழும்பிலிருந்து திரும்பிய நாள், மன்னார் பஸ் நிலையத்தில்.

பின்னேரம் நாலு மணிக்கு வர வேண்டிய பஸ் ஐந்தரைக்கு வந்தது. கழுதைகள் இரண்டு நிழலைத் தேடி நேரக்காப்பாளர் அறைச் சுவரோடு ஒட்டி நின்றன. நான் அவற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். ஜெசிந்தா கடைசியாக இறங்கினாள். தோளில் துணிப்பை. கையில் ஒரு புத்தகம், கடைப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுமனே பிடித்திருந்தாள். வழியெல்லாம் வாசித்திருக்கிறாள். நடுவில் பஸ் பயணச்சீட்டுத் துண்டை அடையாளம் வைத்திருந்தாள்.

நான் எதிர்பார்த்த மெல்லிய புத்தகம் அது இல்லை. நான் பார்க்காத ஒன்று. நடுத்தரத் தடிப்பு. அட்டையில் படம்கூட இல்லை.

"மற்றது வித்து முடிஞ்சுதோ?"

"இருந்தது. பாத்தனான். படமெல்லாம் நல்லாத்தான் இருந்தது."

"பிறகேன் எடுக்கேல்லை?"

அவள் கடைசிப் பக்கங்களைத் திறந்து காட்டினாள். சின்ன எழுத்தில் வரிசை வரிசையாக இலக்கங்கள்.

"இதிலை ஒவ்வொரு பாடத்துக்கும் கேள்வி இருக்கு. எல்லாத்துக்கும் பின்னுக்கு விடை கிடக்கு. நானே செய்துபோட்டு, நானே பாக்கலாம் சரியோ பிழையோ எண்டு. ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் ஏன் பிந்தியது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

நான் பாரத்தை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தோளிலிருந்த துணிப்பையைக் கழற்றித் தந்தாள். புத்தகத்தைத் தரவில்லை.